அமெரிக்கக் கால்பந்தில் ஓ-லைன் கோச் ஆவது எப்படி?

அமெரிக்கக் கால்பந்தில் தாக்கும் அணியின் 11 பேரில் ஐந்து பேர் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டார்கள், பறந்து வரும் பந்தைப் பிடிக்கவும் மாட்டார்கள். லெஃப்ட் டேக்கிள், லெஃப்ட் கார்டு, சென்டர், ரைட் கார்டு, ரைட் டேக்கிள் என்று வரிசையாக நின்று, எதிரே பாய்ந்து வருகிறவனை மறிப்பதுதான் இவர்கள் வேலை. இந்த ஐவர் வரிசைக்குப் பெயர்தான் ஓ-லைன், அதாவது அஃபென்சிவ் லைன். பெரும்பாலும் 135 முதல் 155 கிலோ வரை இருப்பார்கள். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே போய்விடுவதால், இவர்கள் என்ன செய்தார்கள் என்பது மைதானத்தின் கோடியில் உயரத்திலிருந்து எடுக்கும் வீடியோவில்தான் தெரியும். அந்த வீடியோவை முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, மறுநாள் அதே ஐவருக்கும் திருத்திச் சொல்லிக் கொடுக்கிறவர்தான் ஓ-லைன் கோச்.

அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 32 அணிகள். அணிக்கு ஓர் ஓ-லைன் கோச், கூடவே பெரும்பாலும் ஓர் உதவியாளர். மொத்தம் அறுபது எழுபது இடங்கள்தான், அவையும் சுலபத்தில் காலியாகாது. ஆனாலும் வழி புதிரானதல்ல. கடைசியில் தேர்வாகிறவர், ஐந்து பேரை ஒன்றாக நகர வைக்கத் தெரிந்த வாத்தியார். ஆகவே எந்தப் படியில் நிற்கும்போதும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வேலையில் நான் சொல்லிக்கொடுக்கிறேனா, இல்லை யாரோ சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேனா?

பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மைக் மன்சாக் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் அணியில் கார்டாக ஆடி 2001இல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற்றவர். பிறகு நெடுங்காலம் ஓ-லைன் கோச்சாக இருந்தார். மறுபக்கம் ஜெஃப் ஸ்டவுட்லேண்ட், சதர்ன் கனெக்டிகட் ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரியில் லைன்பேக்கராக (தடுக்கும் அணியில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) ஆடியவர். என்எஃப்எல்லில் ஒரு ஸ்னாப்கூட (சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஆடாதவர். அலபாமா பல்கலைக்கழகம் வழியாக 2013இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு வந்து, இந்தத் துறையின் முதல்வரிசைப் பெயர்களில் ஒன்றானார்.

ஆடியவருக்கு முதல் வாரத்து மரியாதை இலவசமாகக் கிடைக்கும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அறையில் இருக்கும் வீரர் பார்ப்பது, இந்த ஆள் சொல்வதைக் கேட்டால் என் அடுத்த ஒப்பந்தம் பெரிதாகுமா என்பதை மட்டுமே.

படிகள்

உயர்நிலைப் பள்ளியில் தொடங்குவது பழைய வழி, இன்றும் நல்ல வழி. பிற்காலத்தில் தலைமைக் கோச்சாகப் புகழ்பெற்ற வின்ஸ் லொம்பார்டி 1939இல் நியூ ஜெர்சியின் இங்கிள்வுட்டில் ஒரு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே உதவி கோச்சாகச் சேர்ந்தவர். 1949இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியின் ஓ-லைன் கோச், 1954இல் நியூயார்க் ஜயன்ட்ஸ். பள்ளிக் கோச் வேலை பெரும்பாலும் ஆசிரியர் வேலையோடு சேர்ந்தே வரும். டெக்சாஸ் அரசுப் பள்ளிகளில் கோச் அந்தப் பள்ளி மாவட்டத்தின் முழுநேர ஊழியராக இருந்தாக வேண்டும் என்பது விதி. எனவே ஆசிரியர் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு முறை வேலை போனாலும் சோறு போடுவது அதுதான்.

அடுத்தது கல்லூரியில் கிராஜுவேட் அசிஸ்டன்ட். முதுகலைப் படிப்புக்குக் கட்டணம் கட்ட வேண்டாம், சிறிய உதவித்தொகை உண்டு, பொதுவாக இரண்டு ஆண்டுகள். வேலை எதிரணி வீடியோவைப் பிரித்து எழுதுவது, ஸ்கவுட் அணிக்கு அட்டை வரைவது, பயிற்சியில் பை பிடிப்பது. அட்டை வரைவதை இளக்காரமாக நினைத்துக் கெட்டவர்கள் நிறையப் பேர். அந்த வாரத்து எதிரணியைப் போல நம் ஸ்கவுட் டிஃபென்ஸ் நிற்க வேண்டும் என்றால், ஹடிலில் (ஆடும் முன் வீரர்கள் கூடும் வட்டம்) ஒருவர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார்; வீரர் பார்க்கக் கிடைப்பது பத்து விநாடிகூட இருக்காது. ஆகவே ஓர் அட்டைக்கு ஒரே பிளே (ஸ்னாப்பில் தொடங்கி விசிலில் முடியும் ஒரு நகர்வு). தடித்த மார்க்கர். மூலையில் எண். நேராகப் பாய்கிறவனுக்குக் கறுப்பு அம்பு, இடம் மாறிப் பாய்கிறவனுக்குச் சிவப்பு. எழுத்தே கூடாது. அட்டை குழப்பமாக இருந்தால் ஸ்கவுட் வீரர் தப்பான இடத்தில் நிற்பார். முதல் ஐவரும் சனிக்கிழமை ஆட்டத்தில் வரவே வராத ஒரு தாக்குதலுக்குப் பழகிவிடுவார்கள். ஒரு நாள் பயிற்சி வீண்.

இங்கேதான் பலர் தடம் மாறுகிறார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் வீடியோவை ஆராய்ந்து கொடுக்கும் அனலிஸ்டாக உட்கார வாய்ப்பு ஒரு பக்கம், இரண்டாம் மூன்றாம் டிவிஷன் கல்லூரியில் அற்பச் சம்பளத்துக்கு முழு ஓ-லைனையும் ஏற்றுக்கொள்ளும் வாய்ப்பு இன்னொரு பக்கம் என்றால், சின்னக் கல்லூரிக்கே போங்கள். 2024 ஜூனில் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ விதியைத் தளர்த்தி, முதல் டிவிஷனில் அனலிஸ்டுகளும் மைதானத்தில் சொல்லிக்கொடுக்கலாம் என்று ஆக்கியது உண்மை. ஆனால் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, திட்டம் போட்டு, சனிக்கிழமை தோற்று, திங்கட்கிழமை அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசும் பயிற்சி சொந்த அறை உள்ளவருக்கே கிடைக்கும். பின்னாளில் என்எஃப்எல் தலைமைக் கோச்சான ஆண்டி ரீட் போன வழியைப் பாருங்கள்: பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் கிராஜுவேட் அசிஸ்டன்ட், பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட், நார்தர்ன் அரிசோனா, யூடெப், மிசௌரி என்று ஓ-லைன் கோச்சாக ஊர் ஊராக மாறி, 1992இல்தான் கிரீன் பே பேக்கர்ஸில் உதவிக் கோச்.

என்எஃப்எல்லுக்குள் முதல் வாசல் பெரும்பாலும் வீடியோவும் தரவும் தயாரித்துக் கொடுக்கும் குவாலிட்டி கன்ட்ரோல் கோச், அதற்கு மேல் அசிஸ்டன்ட் ஓ-லைன் கோச். பயிற்சி முகாம் போன்ற காலங்களுக்குச் சேர்த்துக்கொள்ளும் பில் வால்ஷ் ஃபெல்லோஷிப் 1987இலிருந்து நடக்கிறது. ஆட்களைச் சந்திக்க வேண்டுமானால் ஜனவரியில் நடக்கும் கோச்சுகள் சங்க மாநாடு, அலபாமாவின் மொபைல் நகரத்தில் கல்லூரிக் கடைசியாண்டு வீரர்கள் ஆடும் சீனியர் பவுல் வாரம், இண்டியானாபொலிஸில் கல்லூரி வீரர்களைச் சோதிக்கும் கம்பைன். ஓ-லைன் கோச்சுகளுக்கென்றே சின்சினாட்டியில் நடக்கும் 'கூல்' கிளினிக் பேர்போனது. அங்கே போய் விசிட்டிங் கார்டு நீட்டுவதைவிட, கேள்வி ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு போவது மேல். "உங்கள் சென்டர் மூன்றாவது குவார்ட்டரில் டபுள் டீமை (இருவர் சேர்ந்து ஒருவனை மறிப்பது) விட்டு ஏன் அவ்வளவு சீக்கிரம் கிளம்பினார்?" என்று கேட்பவரை ஓ-லைன் கோச் மறக்க மாட்டார்.

எண்ணில் பேசப் பழகுங்கள்

எதிரே நிற்கும் டிஃபென்ஸ் ஆள் எங்கே நிற்கிறான் என்பதை எண்ணால் சொல்வார்கள். சென்டருக்கு நேர் எதிரே நின்றால் 0, அவருடைய தோள்பக்கம் 1. கார்டுக்கு நேர் எதிரே 2, அவருடைய வெளித்தோளில் 3, உள்தோளில் 2ஐ. டேக்கிளுக்கு நேர் எதிரே 4, உள்தோளில் 4ஐ, வெளித்தோளில் 5. ஆளில்லா வெளியில் தள்ளி நின்றால் 9. இது தாய்மொழி மாதிரி வர வேண்டும்.

வீடியோ பிரிக்கும்போது ஒவ்வொரு பிளேக்கும் நிரப்ப வேண்டியவை: எத்தனையாவது டவுன் (10 யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒன்று), எத்தனை யார்டு பாக்கி, மைதானத்தில் எங்கே, எந்த ஹாஷ் (தரைக்குறி), ஆள்சேர்க்கை, ஃபார்மேஷன் (நிற்கும் அமைப்பு), மோஷன் (ஸ்னாப்புக்கு முன் ஆள் நகர்வது), எதிரணி ஃபிரன்ட் (முன்வரிசை அமைப்பு), கவரேஜ் (பந்து பிடிப்பவர்களைக் காக்கும் முறை), பிளிட்ஸ் (கூடுதல் ஆட்கள் பாய்வது), ஸ்டன்ட் (இடம் மாறிப் பாய்வது), முடிவு. கடைசி நான்கு ஆட்டங்களைப் பிரித்தால் ஒரு வாரத்துக்குப் போதும். முக்கியமான கட்டம் மூன்றாவது டவுன். அதை 1-3, 4-6, 7-10, 11க்கு மேல் என்று தூரவாரியாகப் பிரிக்காமல் மொத்தச் சதவீதம் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தால் தலைமைக் கோச் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சொல்லிக்கொடுக்கத் தெரிய வேண்டியவை: பாஸ் செட் (பந்து எறியும்போது மறிக்கும் முறை)

நேர்காணலில் கையில் மார்க்கரைக் கொடுத்து, "லெஃப்ட் டேக்கிள் 9இல் நிற்பவனை எப்படி மறிப்பார்? எனக்கு ஒன்றுமே தெரியாது என்று வைத்துக்கொண்டு சொல்லுங்கள்" என்பார்கள். சொல்லும் வரிசை இது: நிலை, முதல் அடி, கோணம், கை, முட்டினால் என்ன செய்வது.

நிலை: கை தரையில் ஊன்றாத இரண்டுகால் நிலை. கால்கள் தோளைவிடச் சற்று அகலம். உள்பக்க வலது கால் முன்னே, இடது கால் பின்னே. இடது கால் விரல், வலது பாதத்தின் நடுவளைவுக்கு நேராக இருந்தால் போதும். எடை வலது பாதத்தின் உள்விளிம்பில்.

முதல் அடி: ஸ்னாப்பில் வலது காலால் தள்ளி, இடது கால் பின்னும் வெளியுமாகச் சரியும். வலது கால் அதே தூரம் பின்தொடரும். இரண்டு பாதமும் ஒன்றையொன்று தொடவே கூடாது. தொட்ட நொடியில் ஆள் ஒற்றைக்காலில் நிற்கிறார், அப்போது யார் தள்ளினாலும் விழுவார்.

கோணம்: டேக்கிளின் மூக்கு, பாய்கிறவனுடைய உள்பக்க எண்ணுக்கு நேரே. உள்வழி அடைபட்டால் அவன் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். பந்தை எறியும் குவார்ட்டர்பேக், ஷாட்கன் என்ற அமைப்பில் ஐந்து யார்டு பின்னால் நின்று, அங்கிருந்து இரண்டொரு யார்டு பின்வாங்குவார். பாய்கிறவனை அந்த ஆழத்துக்கும் பின்னால் தள்ளிக் கொண்டுபோய்விட்டால் மறிப்பு வென்றது.

இங்கே அடிக்கடி நடக்கும் தப்பு, வேகமாக வருகிறவனைப் பார்த்ததும் டேக்கிள் பயந்து இடுப்பைச் சீக்கிரம் வெளியே திருப்பிவிடுவது. திருப்பியதும் உள்ளே கதவு திறந்தாகிவிட்டது. எதிராளி ஒரே வெட்டில் உள்ளே நுழைவான். இளம் கோச்சுகள் "திரும்பாதே, திரும்பாதே" என்று கத்துவார்கள். பலனில்லை, ஏனென்றால் காரணம் இடுப்பில் இல்லை, முதல் அடியில் இருக்கிறது. முதல் அடி குட்டையாக இருந்ததால் தூரத்தில் பின்தங்கி, அதை ஈடுகட்டத்தான் அவர் திரும்புகிறார். தரையில் டேப் ஒட்டி முதல் அடியின் தூரத்தைச் சரிசெய்தால் திரும்புவது தானாகக் குறையும்.

கை: கட்டைவிரல் மேலே, முழங்கை விலாவோடு ஒட்டி. சீக்கிரம் நீட்டினால் எதிராளி அதைத் தட்டிவிட்டுப் போவான், தாமதித்தால் மார்பில் முட்டுவான். இரண்டு கையையும் ஒரே நேரத்தில் வீசினால் தலையும் கூடவே முன்னால் போகும். ஆகவே ஒரு கை தொட்ட பிறகு இன்னொரு கை. தோளுக்கு வெளியே கை போய்ச் சட்டையைப் பிடித்தால் ஹோல்டிங், 10 யார்டு போச்சு.

முட்டினால்: இரண்டு பாதமும் சேர்ந்தாற்போல் பின்னால் ஒரு சிறு குதி, உடனே இடுப்பை இறக்கு. நின்ற இடத்திலேயே தாங்கப் பார்க்கிறவர்தான் முதுகு வளைந்து பின்னால் போவார்.

டபுள் டீம்

ரன் பிளேயில் ஓ-லைன் கோச்சின் தரம் தெரியும் இடம் இது. சென்டரும் கார்டும் சேர்ந்து 1இல் நிற்கும் பெரிய ஆளைப் பின்னால் நகர்த்தி, பிறகு ஒருவர் பிரிந்து லைன்பேக்கரைப் பிடிக்க வேண்டும். கபடியில் சங்கிலி கோத்து நிற்பவர்களில் ஒருவர் முந்திக்கொண்டால் என்ன ஆகுமோ அதுவே இங்கேயும்.

முதல் அடி ஆறு அங்குலம், இரண்டு பேருக்கும் ஒரே தாளத்தில். இடுப்போடு இடுப்பு ஒட்ட வேண்டும். நான்கு கையும் முன்னே நிற்கும் பெரிய ஆள் மேல், நான்கு கண்ணும் லைன்பேக்கர் மேல். பக்கவாட்டில் தள்ளக் கூடாது, நேராகப் பின்னுக்கு. லைன்பேக்கர் எந்தப் பக்கம் முடிவெடுத்து வருகிறானோ அந்தப் பக்கத்து ஆள் பிரிவார்.

சீக்கிரம் பிரிந்தால் பெரிய ஆள் நடுவில் புகுந்து, பந்தோடு வருகிறவனைக் கோட்டுக்குப் பின்னாலேயே பிடிப்பான். தாமதமாகப் பிரிந்தால் லைன்பேக்கர் தடையில்லாமல் வந்து மூன்று நான்கு யார்டில் பிடிப்பான். இரண்டும் தப்புதான், ஆனால் ஒரே அளவு தப்பல்ல. எனவே தாமதமான பக்கமே தவறட்டும் என்று வீரர்களுக்குச் சொல்லுங்கள். வீடியோவில் சோதிக்கச் சுலபமான வழி: பின்பக்கக் காட்சியில் இருவர் இடுப்புக்கும் நடுவே புல் தெரிந்தால் அது டபுள் டீமே அல்ல.

எந்த அணியும் ஆளுக்குப் பதில் இடத்தை மறிக்கும் ஸோன் மட்டுமோ, ஆள் இழுத்து ஓடும் கேப் பிளே மட்டுமோ ஓடுவதில்லை. 1990களின் கடைசியில் டென்வரில் அலெக்ஸ் கிப்ஸ், எடை குறைந்த, வேகமான லைன்மேன்களை வைத்து ஸோன் ஓட்டத்தைக் கொடிகட்டிப் பறக்கவிட்டார். அதைப் பார்த்து ஸோன் மட்டும் படித்தவர்களுக்கு, தலைமைக் கோச் மாறியதும் வேலை கிடைக்காமல் போனதுண்டு. இன்சைட் ஸோன், வைட் ஸோன், டூவோ, பவர், கவுன்டர் என்ற ஐந்து ரன் பிளேக்களையும் எல்லா ஃபிரன்ட்டுக்கும் எதிரே வரையத் தெரிய வேண்டும்.

பாதுகாப்பு அழைப்பும் சத்தமில்லாத ஸ்னாப்பும்

பாஸ் பிளேயில் யார் யாரைப் பிடிப்பது என்பது "54 மைக்" என்று எதிரணியில் ஒருவரை அவருடைய சட்டை எண்ணால் சுட்டுவதில் தொடங்குகிறது. அந்த ஒரு புள்ளியிலிருந்து எல்லோரும் எண்ணிக்கொள்வார்கள். மைக் என்று சுட்டப்பட்டவன் உண்மையில் நடு லைன்பேக்கராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஐந்து லைன்மேன் பொறுப்பில் எந்த ஐந்து பேர் என்பது ஒத்துப்போனால் போதும். கல்லூரியிலிருந்து வரும் சென்டர்கள் தடுமாறும் இடம் இது. பல கல்லூரிகளில் ஓரத்தில் படம் தூக்கிக் காட்டியே பிளே அனுப்புவார்கள், சென்டர் ஹடிலில் முழு அழைப்பைக் கேட்டதே இருக்காது. இன்னொரு வித்தியாசத்தையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்: பாஸ் போகும் முன் லைன்மேன் முன்னேறக் கல்லூரியில் மூன்று யார்டு வரை அனுமதி, என்எஃப்எல்லில் ஒரே யார்டு.

எதிரணி மைதானத்தில் கூச்சல் காதைப் பிளக்கும். அதற்குச் சைலன்ட் கவுன்ட். கார்டு திரும்பி குவார்ட்டர்பேக்கைப் பார்ப்பார், அவர் காலை உயர்த்தியதும் கார்டு சென்டரைத் தட்டுவார், சென்டர் தலையை அசைப்பார், பிறகு ஸ்னாப். பேய்ட்டன் மானிங் காலத்து இண்டியானாபொலிஸ் கோல்ட்ஸில் ஹோவர்ட் மட் இதை மெருகேற்றினார். இதில் கவனிக்க வேண்டியது தாளம். தலையசைப்புக்கும் ஸ்னாப்புக்கும் நடுவே எப்போதும் ஒரே இடைவெளி இருந்தால், மூன்றாவது டிரைவுக்குள் (பந்து கையிலிருக்கும் ஒரு சுற்று) எதிரணி ஆள் அதை எண்ணிவிடுவான். இரண்டு மூன்று இடைவெளிகளை மாற்றி மாற்றிப் பயிற்சி செய்யுங்கள், வியாழக்கிழமை ஸ்பீக்கரில் கூச்சலை அலறவிட்டு.

பன்னிரண்டு நிமிடம்

என்எஃப்எல்லுக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான 2020 ஒப்பந்தப்படி சீசன் நடக்கும் காலத்தில் முழுக் கவசத்தோடு 14 பயிற்சிகள் மட்டுமே. அவற்றில் 11 பயிற்சிகள் சீசனின் முதல் பதினோரு வாரங்களுக்குள் முடிய வேண்டும். வசந்த காலத்து ஒன்பது வாரத்தில் நேரடி மோதலே கிடையாது. மோதித்தான் கற்க முடியும் என்ற ஆட்டத்தை மோதாமல் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆகையால் பயிற்சித் தொடக்கத்தில் ஓ-லைனுக்கென்று ஒதுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பொன்னானது.

கணக்குப் போடுங்கள். 12 நிமிடம், ஒன்பது வீரர், ஒரு முறைக்கு 15 விநாடி. ஒருவர் ஒருவராக விட்டால் மொத்தம் 48 முறை, ஆளுக்கு ஐந்துதான். மூவர் ஒரே நேரத்தில் செய்ய, மூவர் எதிராளியாக நிற்க, மூவர் தயாராக இருக்கும்படி அமைத்தால் ஆளுக்கு 16. வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வீரர் தெரிந்தால் பயிற்சியை வடிவமைத்தவர் மேல்தான் குறை.

பொருட்கள் அதிகம் வேண்டாம். தலைக்கு மேல் இரும்புக் கூரையாக நிற்கும் சூட், காலுக்கு நடுவே போடும் பலகை, கைப்பிடி பைகள், முட்டித் தள்ளும் ஸ்லெட். சூட்டை வீரர் நிமிர்ந்தால் இடிக்கும் உயரத்தில் வையுங்கள். ரொம்பத் தாழ்த்தினால் முழங்காலை மடக்காமல் இடுப்பில் குனிவார்கள், கெட்ட பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்ததுதான் மிச்சம். ஸ்லெட் பலம் காட்டும்; ஆனால் அது தானாக அசையாத எதிராளி, நிஜ எதிராளி சும்மா நிற்க மாட்டான். வாரம் ஒருமுறை போதும்.

ஒரு வாரம்

ஞாயிறு ஆட்டம் முடிந்து இரவோ விடியற்காலையோ மதிப்பெண் போட உட்காருவீர்கள். 65 பிளே என்றால் ஐந்து பேருக்கு 325 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் மூன்று பார்வை: செய்ய வேண்டியதைச் செய்தாரா, முறையோடு செய்தாரா, விசில் வரை செய்தாரா. முதலாவது தவறினால் மற்ற இரண்டும் எண்ணப்படாது. தப்புக்குப் பக்கத்தில் காரணத்தை ஐந்து வார்த்தைக்குள் எழுதுங்கள். "மோசம்" என்பது காரணமல்ல, "முதல் அடி குட்டை" என்பது காரணம். நல்லதையும் அதே அளவுக்கு விவரமாக எழுத வேண்டும். ஏன் சரியாக வந்தது என்று தெரியாத வீரர் அடுத்த வாரம் அதைத் திரும்பச் செய்ய மாட்டார்.

திங்கள் திருத்தம். செவ்வாய் வீரர்களுக்கு விடுப்பு, கோச்சுகளுக்கு நள்ளிரவு வரை திட்டம். புதன் முதல் இரண்டு டவுன், வியாழன் மூன்றாவது டவுனும் பிளிட்ஸும், வெள்ளி ரெட் ஸோன் (எதிரணி கோட்டுக்கு முந்தைய கடைசி 20 யார்டு), கோல் லைன். சனி நடந்து பார்ப்பது, பயணம். அணிக்கு அணி கொஞ்சம் மாறும்.

ஆட்டத்தன்று ஓ-லைன் கோச் மேலே கண்ணாடி அறையில் உட்காருவதில்லை, கீழே ஓரத்தில் நிற்பார். டிரைவ் முடிந்ததும் ஐவரும் களத்தில் நிற்கும் வரிசையிலேயே பெஞ்சில் உட்கார வேண்டும். டேப்லெட்டில் வரும் படத்தைக் காட்டும் முன் "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். வீரர் சொல்வதற்கும் படத்துக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் பிரச்சினை இருக்கும். ஒரு டிரைவுக்கு ஒரு திருத்தம். மூன்று சொன்னால் மூன்றும் போகும்.

மாற்று ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு லைன்மேனாவது களமிறங்கத் தயாராக இருந்தால்தான் அணி 48 பேரை ஆட்டத்தன்று வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் 47. மாற்று மூவரும் ஆளுக்கு இரண்டு இடமாவது ஆடத் தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்கு ஸ்னாப் போடத் தெரிந்தே ஆக வேண்டும். இடமிருந்து வலம் மாறுவது லேசான காரியமல்ல, கால் வரிசை, கை, எடை எல்லாமே தலைகீழ். ஆட்டத்தன்று முதன்முறையாக மாறச் சொன்னால் ஃபால்ஸ் ஸ்டார்ட் (ஸ்னாப்புக்கு முன் அசைந்த தவறு) வாங்கிக்கொண்டு வருவார்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஏப்ரல் டிராஃப்டுக்கு முன் ஒவ்வொரு லைன்மேனைப் பற்றியும் அறிக்கை எழுதுவது உங்கள் வேலையில் பாதி. டேக்கிளுக்குக் கை நீளம் 34 அங்குலம் என்பது பழைய அளவுகோல். குறைந்தால் கார்டாகப் பார்ப்பார்கள். 40 யார்டு ஓட்டத்தின் மொத்த நேரத்தைவிட முதல் 10 யார்டு முக்கியம், லைன்மேன் அதற்கு மேல் ஓடுவது அபூர்வம். 225 பவுண்டு பெஞ்ச் பிரஸ் எண்ணிக்கைக்கு மயங்காதீர்கள். குட்டைக் கைக்காரருக்கு அது எப்போதும் சாதகம்.

எழுதும்போது சரிசெய்யக்கூடிய குறையையும் சரிசெய்ய முடியாத குறையையும் பிரித்து எழுதுங்கள். கை வைக்கும் இடம் தப்பு என்றால் ஓர் ஆண்டில் திருத்தலாம். கணுக்கால் மடங்காது என்றால் திருத்த முடியாது. ஜோர்டன் மைலாட்டா 2018இல் ஏழாவது சுற்றில் 233ஆவது ஆளாக ஈகிள்ஸுக்கு வந்தபோது, ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. உடல் இருந்தது, பாதம் இருந்தது, மீதியை ஸ்டவுட்லேண்ட் சொல்லிக்கொடுத்தார். முதல் இரண்டு சீசனில் களமிறங்கவே இல்லை. பிறகு லெஃப்ட் டேக்கிள் இடம் அவருடையதாயிற்று. அந்த இரண்டு ஆண்டுப் பொறுமையை நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு வாங்குவதும் கோச்சின் வேலை.

மேலே போக நினைத்தால்

அடுத்த பட்டம் ரன் கேம் கோஆர்டினேட்டர். அதற்கு மேல் ஒரு சுவர் இருக்கிறது: பிளே அழைக்கும் வேலை பெரும்பாலும் குவார்ட்டர்பேக் அறையிலிருந்து வருகிறவர்களுக்கே போகிறது. ரீட் 1997இல் குவார்ட்டர்பேக் கோச்சாக மாறியபிறகு 1999இல் ஈகிள்ஸின் தலைமைக் கோச் ஆனது தற்செயலல்ல. உங்களுக்கு அந்த ஆசை இருந்தால் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் பாதுகாப்புத் திட்டம் எழுதும் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். அது ஓ-லைனும் பாஸும் சந்திக்கும் இடம், ரூட் (பந்து பிடிப்பவர் ஓடும் வழி) எத்தனை விநாடியில் திறக்கும் என்பதை அங்கே கற்றே ஆக வேண்டும். ஆசை இல்லாவிட்டாலும் குறையொன்றுமில்லை. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸின் ஓ-லைன் கோச் டாண்டே ஸ்கார்னெக்கியா 2013 சீசனோடு ஓய்வு பெற்றார். 2016இல் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், 2019 சீசன் வரை இருந்தார். தலைமைக் கோச் பதவிக்குப் போகாமலே இந்தத் துறையில் அளவுகோலானவர் அவர்.

ஒப்பந்தம், வேலைநீக்கம்

ஒப்பந்தம் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டு. சீசனின் கடைசி ஆட்டத்துக்கு மறுநாளான கருப்புத் திங்களில் தலைமைக் கோச் போனால் நீங்களும் போக வாய்ப்பு அதிகம், உங்கள் லைன் நன்றாக ஆடியிருந்தாலும். புதியவர் தன் ஆளைக் கொண்டுவருவார். 2024இல் பிரையன் கேலஹன் டென்னசி டைட்டன்ஸின் தலைமைக் கோச் ஆனதும், கிளீவ்லேண்டில் இருந்த தன் தந்தை பில் கேலஹனை ஓ-லைனுக்கு அழைத்துக்கொண்டார். ஒப்பந்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது வேறோர் அணி அதே மட்டத்து வேலைக்கு உங்களை அழைத்தால், இருக்கும் அணி விடாமல் நிறுத்தலாம். அன்று பில் கேலஹனைப் போகவிட்டது கிளீவ்லேண்டின் பெருந்தன்மை.

கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டிய வரி, நீக்கப்பட்டபின் வேறு வேலை கிடைத்தால் பழைய அணி தரவேண்டிய தொகையில் அந்தச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளுமா என்பது. கழித்துக்கொள்ளும் என்றால், மலிவான சம்பளத்துக்கு அடுத்த அணியில் சேர்வதால் உங்கள் கையில் கூடுதலாக ஒன்றும் வராது. வீட்டை வாங்காமல் வாடகைக்கே இருங்கள், குறைந்தது முதல் ஒப்பந்தம் முடியும் வரை.

பிளேபுக், டேப்லெட், வீடியோ எல்லாம் அணியின் சொத்து; நீக்கிய அன்றே வாங்கிக்கொள்வார்கள், கணக்கையும் முடக்குவார்கள். ஆகவே ஒவ்வொரு பயிற்சி முறையையும் அணியின் கோப்பில் வைப்பதோடு நிற்காமல், உங்கள் சொந்த வார்த்தையில், சொந்தப் படத்தோடு, சொந்த நோட்டில் எழுதி வாருங்கள்: பெயர், என்ன தப்பைத் திருத்துகிறது, எத்தனை பேர், எத்தனை விநாடி, எங்கே நின்று பார்க்க வேண்டும். அணியின் ரகசிய அழைப்புச் சொற்களை அதில் எழுதாதீர்கள். அடுத்த நேர்காணலுக்குக் கொண்டுபோக உங்களிடம் இருக்கப்போவது அந்த நோட்டு ஒன்றுதான்.